கறுப்பு உறைக்குள் இருந்த புத்தகம்

2024 அக்டோபர் 16, புதன்கிழமை, காலை எட்டு ஐந்து. சங்கரன்கோவிலில் செல்லப்பாவின் தறிக்கூடத்தில் இருபத்து நான்கு தறிகளும் நின்றுகொண்டிருந்தன. கரண்ட் போகவில்லை, முதலாளியே நிறுத்தச் சொல்லியிருந்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய பதினெட்டுப் பேர், எந்த அளவில் பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு கறுப்பு ஜிப் உறை. அதன் மேல் ஜெபக்கனியின் வலது கை.

"நான் போவும்போது பாவு ரூம் ஜன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. நான் தொறக்கவே இல்ல. இது சத்தியம்."

முதலாளி செல்லப்பா தலையை ஆட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, உறையைத் தன் பக்கம் இழுத்தார். அவர் கட்டைவிரல் ஜிப்பின் வளையத்தில் போய் நின்றது. ஜெபக்கனி அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள்.

"தொறந்து வச்சுத்தான் சத்தியம் பண்ணணுமோ? ஒங்க முறை எனக்குத் தெரியாது பாத்துக்க."

"அப்படி ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி."

விரல் வளையத்தை விட்டது.

"செரி. வேதக்காரி வேதத்தத் தொட்டுச் சொல்லிட்டா. இதுக்கு மேல பேச என்ன இருக்கு? தறியப் போடுங்கலே."

உறைக்குள் இருந்தது வேதப் புத்தகம் இல்லை, கீர்த்தனைப் புத்தகம். முந்தின நாள் சாயங்காலம் ஜெபக்கனி தன் பைபிளை உறையிலிருந்து எடுத்து, துவைத்த துண்டில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். அதே பருமனில் இருந்த பாட்டுப் புத்தகத்தை உறைக்குள் நுழைத்து ஜிப்பை இழுத்தாள். வேதத்தைத் தொட்டுப் பொய் சொன்னால் பாவம். பாட்டுப் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னால்? அதைப் பற்றி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று அவள் தேடிக்கூடப் பார்த்தாள். தேடியது வேதத்தில்தான்.

ஜெபக்கனிக்கு நாற்பத்தேழு வயது. அதில் பத்தொன்பது வருடம் செல்லப்பாவின் கூடத்தில் தார் சுற்றியிருக்கிறாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறிய நூல் குச்சிகளுக்குத் தார் என்று பெயர். கணவர் ஆறு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ரூத், நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருடம். சபையில் ஜெபக்கனிக்கு இரண்டு பொறுப்புகள்: மாதர் சங்கச் செயலாளர், மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய ஏற்பாட்டு வாசிப்பு.

அந்தப் பைபிள் காசு கொடுத்து வாங்கியது இல்லை. பதினாறு வயதில் வேதப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்த பரிசு. மூடி வைத்தால் மூன்று பக்கமும் தாள் விளிம்பு சிவப்பாக மின்னும். அதற்கென்று அவளிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது: கை கழுவாமல் தொடக்கூடாது. தரையில் வைக்கக்கூடாது. அதன் மேல் வேறு எதையும் வைக்கக்கூடாது. ஒருமுறை மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு புது மருமகள் பைபிள் மேல் செல்போனை வைத்துவிட்டாள். "ஏட்டி, அது என்ன ஒனக்கு ஸ்டாண்டா?" என்று ஜெபக்கனி போட்ட சத்தத்தில் அந்தப் பெண் மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. போன வருடம் புதிதாக வந்த ஆசீர் ஐயர், ஒரு வீட்டு ஜெபத்தில் செல்போனைப் பார்த்து வசனம் வாசித்தார். முப்பத்து நாலு வயது போதகரைத் தெருவில் நிறுத்தி, "கையில புத்தகம் இல்லாத போதகரு, அரிவாள் இல்லாம அறுப்புக்குப் போன ஆளு மாதிரிய்யா" என்று சொன்னவள் அவள்தான்.

தறிக்கூடத்திலும் எல்லோருக்கும் இது தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவி, துண்டில் துடைத்து, பத்து நிமிடம் அந்தச் சிவப்பு விளிம்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். தார் மிஷினில் பக்கத்தில் உட்காரும் பொன்மணி, "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து ஒரு வரி சொல்லுங்க, குடிய விடட்டும்" என்பாள்.

ஜன்னல் விஷயம் இப்படி நடந்தது. அக்டோபர் 14, திங்கள் மாலை நாலரைக்குக் கரண்ட் போனது. பாவு அறையில் தீபாவளி ஆர்டருக்குக் கஞ்சி போட்டுச் சுற்றிய ஆறு பாவுகள், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல் உருளைகள், இருந்தன. தார்க்குச்சிக் கூடையை எடுக்கப் போன ஜெபக்கனி, இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்ததால் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். கரண்ட் வந்தது. ஆறு மணிக்கு வீட்டு ஜெபம். அன்றைக்கு வாசிப்பு அவளுடையது. ஆறு ஐந்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் அவள் நினைவில் இல்லை.

கடைசியாகப் போனவன் லிங்கேஷ். கரிவலம்வந்தநல்லூர்க்காரன், முப்பது வயது, ஆறாம் தறி. ஒரு சேலையை முடித்துவிட்டு ஆறரைக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்தான். அன்று இரவு கொட்டிய மழை ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஆறு பாவிலும் இறங்கியது. காலையில் பார்த்தபோது கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டி, பாவு அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. ஒன்றையும் தறியில் ஏற்ற முடியாது.

"நான் அந்த ரூமுக்குள்ளயே போகல மொதலாளி," என்றான் லிங்கேஷ். "சாயந்தரம் அக்காதான் தொறந்தாவ. நான் தறில இருந்து பாத்தேன்."

எல்லோரும் ஜெபக்கனியைப் பார்த்தார்கள். 'ஆமா அண்ணாச்சி, மறந்துட்டேன்' என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அது. போன வருடம் பாவில் எண்ணெய் டப்பாவைத் தட்டிவிட்ட ஒரு பெண்ணைச் செல்லப்பா மதியச் சோற்றைக்கூடத் தின்ன விடாமல் வெளியே அனுப்பியது ஜெபக்கனிக்கு நினைவு வந்தது. ரூத்துக்கு இன்னும் ஏழு மாதப் படிப்பு. வாய் தானாகத் திறந்தது.

"நானா? நான் தொறக்கலியே."

பாவு அறையின் பின்பக்க ஜன்னலருகே நின்று பீடி குடிக்கும் பழக்கம் லிங்கேஷுக்கு உண்டு. அதை ஃபிட்டர் பாண்டியராஜன் ஞாபகப்படுத்தினான். அவ்வளவுதான், காற்று ஒரு பக்கமாக வீச ஆரம்பித்தது.

செல்லப்பாவுக்குப் போலீஸ், கேமரா இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவர் கூடத்தில் சத்தியம்தான் சட்டம். அவரவர் சாமி, அவரவர் முறை. லிங்கேஷ் யோசிக்கவே இல்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை வைத்தான். ஒரு வில்லை போதும், மூன்று வில்லை வைத்தான். கொளுத்தி, "ஜன்னல நான் தொடல" என்று சொல்லி உள்ளங்கையால் அமுக்கினான். இப்படி அணைக்கிறவர்கள் பட்டென்று அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அவன் எடுக்கவில்லை. நம்ப வேண்டுமே என்று அமுக்கிக்கொண்டே நின்றான். எடுத்தபோது உள்ளங்கை நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

"நான் நாளைக்கு வேதத்தோட வாரேன்," என்றாள் ஜெபக்கனி.

மறுநாள் அவள் சத்தியம் முடிந்ததும் பாண்டியராஜன் சத்தமாகவே சொன்னான்: "உள்ளது சொன்னவன் கைய கற்பூரம் எதுக்குவே சுடுது? சாமியே காட்டிக் குடுத்துருச்சுல்லா."

லிங்கேஷ் கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்றான். ஜெபக்கனியைப் பார்த்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். அன்று மதியமே தறி முதலாளிகள் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோ போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜெபக்கனியால் பீரோவைத் திறக்க முடியவில்லை. சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் உபவாசம் இருந்தாள். 'ஆண்டவரே, நான் உம்முடைய வார்த்தை மேல் கை வைக்கவில்லை' என்று ஜெபத்தைத் தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. மதியங்களில் பையிலிருந்து ஒன்றையும் எடுக்காமல் தார் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை பொன்மணி தார் மிஷினை நிறுத்தாமலேயே அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, ஒங்க பைபிளுக்கு ஓரம் செவப்புல்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்ல, அன்னிக்கு மேசைல இருந்ததுக்கு ஜிப் ஓரத்துல வெள்ளையாத் தெரிஞ்சுது. அதான் கேட்டேன்."

"அது புதுசுட்டி. பழசு கிழிஞ்சு போச்சு."

"அப்படியா," என்றாள் பொன்மணி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் ஜெபக்கனியைக் கலக்கியது. எந்தப் புத்தகத்தின் மேலும் கை வைக்காமல் சொன்ன இந்தப் பொய், மேசை முன்னால் சொன்னதைவிடச் சுலபமாக வந்திருந்தது. அன்று முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 26, சனிக்கிழமை. மறுநாள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஜனங்கள் நேர்ந்து கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், தென்னங்கன்று, கோழி எல்லாம் கோயில் வராந்தாவில் ஏலத்துக்குக் காத்திருந்தன. ஆசீர் ஐயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு சேவலின் காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அது அவரைக் கொத்துவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒரு ஆளு வேதத்து மேல கைய வச்சுப் பொய் சொன்னா, அது மன்னிக்கப்படாத பாவமா?"

"எந்த ஆளும்மா?"

"ஒரு ஆளு."

"செரி, ஒரு ஆளு. வேதத்து மேல கைய வச்சுது."

"இல்ல, வேதத்து மேல வைக்கல. வேதத்த பீரோல வச்சுப் பூட்டிட்டு, உறைக்குள்ள கீர்த்தனைப் புத்தகத்த வச்சுது. வேதத்துக்கு அவமரியாத வந்துரக் கூடாதுன்னு."

ஐயர் நிமிர்ந்தார். சிரிப்பார் என்று ஜெபக்கனி பயந்தாள். அவர் சிரிக்கவில்லை. சேவல் இதுதான் சமயமென்று அவர் மணிக்கட்டில் ஒரு கொத்துக் கொத்தியது.

"அவமரியாத வந்துரக் கூடாதுன்னு," என்று திருப்பிச் சொன்னார். "அம்மா, புத்தகம் கீழ விழுந்தா எடுத்துக்கிடலாம். கிழிஞ்சா ஒட்டிக்கிடலாம். எரிஞ்சே போனாலும் இன்னொண்ணு அச்சடிச்சுக்கிடலாம். தாளுக்கு வலிக்காது. அந்தச் சத்தியத்தால யாருக்கு என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க."

"ஒருத்தனுக்கு வேல போச்சு."

"கீர்த்தனைப் புத்தகத்து மேல வச்சதால அவனுக்கு பாதி வேலதான் போச்சா?"

ஜெபக்கனிக்கு முகம் சிவந்தது. "என்னய்யா இப்படிப் பேசுதிய? நான் மூணு நாளு தண்ணி குடிக்காம…" நிறுத்தினாள்.

ஐயர் அதைக் கேட்காத மாதிரி கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"அந்த ஆளு வேதத்த பீரோல பத்திரமா வச்சுப் பூட்டிருக்கு. வேதம் சொல்லுத விஷயத்த மட்டும் கால்ல போட்டு மிதிச்சுருக்கு. சத்தியமே பண்ணாத, ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லுன்னுதான ஆண்டவர் சொன்னாரு? எந்தப் புத்தகத்து மேல கைய வச்சாலும் வாய் நம்ம வாய்தானம்மா."

"மன்னிப்பு உண்டா இல்லியா? அதச் சொல்லுங்க."

"உண்டு. மன்னிக்கப்படாத பாவத்தச் செய்துட்டோமோன்னு பயந்து ஓடி வாரவன் அதச் செய்யல. அப்படிச் செய்தவனுக்குப் பயமே வராது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா காணிக்கையோட பீடத்துக்கு வரும்போது, நம்ம மேல ஒருத்தனுக்குக் குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா என்ன செய்யணும்? ஒங்களுக்குத் தெரியாததா? பரீட்சைல கேட்டுருப்பாவளே."

கேட்டிருந்தார்கள். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய் ஒப்புரவாகு. அதிகாரம், வசன எண் எல்லாம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

"போய்ச் சொன்னா வேல போயிரும்யா."

"போகலாம். மன்னிப்புக் கேட்டவன் வேல நெலைக்கும்னு நான் எங்கயும் வாசிச்சதில்ல. போன்லயும் இல்ல."

அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் ஏலத்தில் அந்தச் சேவலை யாரோ எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஜெபக்கனி வழக்கம்போல வேலைக்குப் போனாள். தீபாவளியும் வந்து போனது. சனிக்கிழமை பொன்மணி தார்க்கூடையைக் கீழே வைத்தபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "லிங்கேஷ் திருப்பூர் போறானாம். நாளைக்குச் சாயந்தரம் பஸ். வீட்டையே காலி பண்ணுதாங்க. இந்த ஊர்ல ஒரு தறிலயும் அவன ஏத்த மாட்டேங்காவளாம்."

நவம்பர் 3, மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. காலையில் பீரோவைத் திறந்து துண்டைப் பிரித்தாள். பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டாள்; உறை கீர்த்தனைப் புத்தகத்தோடு பைக்குள் கிடந்தது. ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொன்னபோது அவள் உதடும் அசைந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். அவள் வரிசையும் எழுந்தது. பீடத்துக்கு முன்னாலிருந்த கம்பி அருகே முழங்காலிட்டாள். அப்பம் வாங்க இடது கை மேல் வலது கையை வைத்து விரித்தாள்.

வெறும் உள்ளங்கை. கோடுகளும் நூல் இழுத்துக் காய்த்த காய்ப்பும் மட்டும்தான் இருந்தன. ஒரு கொப்புளம் இல்லை.

ஐயர் தட்டோடு வந்துகொண்டிருந்தார். நாலு பேருக்கு அப்பால். மூன்று பேருக்கு அப்பால். பக்கத்துப் பெண்ணின் கையில் அப்பம் விழுந்தது. ஜெபக்கனி கையை மடக்கினாள். எழுந்தாள். திரும்பினாள். தன் இடத்தில் வைத்திருந்த பைபிளையும் பையையும் எடுத்துக்கொண்டாள். நடுப்பாதை அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இருநூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மயக்கம் வந்துட்டோ?" என்று ஒரு குரல். "செயலாளரம்மாவா போறது?" என்று இன்னொன்று. அவள் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

கரிவலம்வந்தநல்லூரில் லிங்கேஷ் வீட்டு வாசலில் அடுப்பு, பாய், பிளாஸ்டிக் குடம் எல்லாம் கட்டி வைத்திருந்தது. அவன் மனைவி மாரிசெல்வி ஒரு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனியைப் பார்த்ததும் கயிற்றை விட்டாள்.

"வாங்கக்கா. வழியனுப்ப வந்தியளா? இல்ல, நாங்க ஏதாச்சும் ஜன்னலத் தொறந்து போட்டுருக்கோமான்னு பாக்க வந்தியளா?"

"லிங்கேஷப் பாக்கணும்."

"பாத்து? ஜெபம் பண்ணப் போறியளா?"

லிங்கேஷ் உள்ளேயிருந்து வந்தான். கையில் கட்டு இல்லை. கொப்புளம் உடைந்து ஆறிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. ஜெபக்கனி நின்றபடியே சொன்னாள். ஜன்னலைத் திறந்தது, ஓடிப்போனது, உறைக்குள் இருந்தது, எல்லாவற்றையும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பத்தொன்பது நாள் சுமந்தது அவ்வளவுதான்.

மாரிசெல்விதான் முதலில் பேசினாள். "பாட்டுப் புத்தகமா? அப்ப உங்க சாமிக்கு மட்டும் வலிக்கக் கூடாது, அப்படித்தான? இவரு கைய பாத்தியளா? பூ மார்க்கெட்டுல மூட்ட தூக்கக்கூட நாலு நாளு போக முடியல. ஊருல ஒருத்தன் பாக்கியில்ல, சாமி சுட்ட கைன்னு கூப்பிடுதான். அப்ப எங்க போயிருந்திய?"

"என்னய மன்னிச்சுரு மக்கா," என்றாள் ஜெபக்கனி லிங்கேஷைப் பார்த்து.

அவன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் நீங்க உங்க சாமிகிட்ட கேட்டுக்கிடுங்கக்கா. எனக்கு எம் பேரு வேணும்." கட்டிய மூட்டையைக் காலால் தள்ளினான். "மொதலாளிகிட்ட சொல்லுவியளா? ரூமுக்குள்ள போய் காதுக்குள்ள சொல்லுதது கெடையாது. தறிய நிறுத்திட்டு, அன்னிக்கு யாரு யாரு நின்னாவளோ அவங்க முன்னாடி."

"சொல்லுதேன்."

"எப்ப?"

"நாளைக்குக் காலைல."

"பஸ் இன்னைக்குச் சாயந்தரம்," என்றாள் மாரிசெல்வி. "இவள நம்பி டிக்கெட்ட விடப் போறியளா? ஒருக்கா நம்புனது போதாதா?"

லிங்கேஷ் ஜெபக்கனியின் கையிலிருந்த சிவப்பு விளிம்புப் புத்தகத்தைப் பார்த்தான். அவள் அதை நீட்டிச் சத்தியம் செய்வாள் என்று மாரிசெல்வியும் எதிர்பார்த்த மாதிரி இருந்தது. ஜெபக்கனி அதைப் பைக்குள் வைத்தாள்.

"வாரேன்," என்றாள்.

வேலை நாளில் அவள் எட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் வருவாள். அந்தத் திங்கட்கிழமை ஏழரைக்கே கூடத்தின் வாசலில் நின்றாள். லிங்கேஷ் தெருமுனை டீக்கடை வரை வந்திருந்தான், உள்ளே வரவில்லை. தறிகள் ஓடத் தொடங்கியதும் அவள் நேராகச் செல்லப்பாவின் மேசைக்குப் போய் எதையோ சொன்னாள். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

"தறிய நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி!"

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெயின் சுவிட்சைக் காட்டினார். பாண்டியராஜன் இழுத்து விட்டான். சத்தம் ஒவ்வொரு தறியாக அடங்கியது. ஜெபக்கனி பையிலிருந்து கறுப்பு உறையை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஜிப்பைக் கடைசி வரை இழுத்துத் திறந்தாள். கீர்த்தனைப் புத்தகத்தை வெளியே எடுத்தாள்.

"அன்னிக்கு இதுக்குள்ள இருந்தது இதுதான். வேதம் இல்ல. பாட்டுப் புத்தகம். ஜன்னலத் தொறந்தது நான். சாத்தாம ஓடுனதும் நான்தான். லிங்கேஷ் சொன்னது அம்புட்டும் நெசம்."

பொன்மணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். ஏதோ கணக்குத் தப்பாகப் போன மாதிரி திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார்.

"வேதக்காரி பொய் சொல்ல மாட்டான்னு நம்புனேன் பாரு. ஒன் பேச்சக் கேட்டு ஒருத்தன ஊர விட்டே வெரட்டிருக்கேன்." குரல் ஏறியது. "இப்பச் சொல்லுதது மட்டும் உண்மன்னு நான் எப்படி நம்பட்டும்? இன்னிக்கு எந்தப் புத்தகத்து மேல கைய வைக்கப் போற?"

அந்தச் சிவப்பு விளிம்புப் பைபிள் அவள் பைக்குள்தான் இருந்தது. எடுத்தால் அவர் நம்பியிருப்பார். அவளுக்கு அது தெரியும். கை பைப் பக்கம் போகவில்லை.

"எது மேலயும் இல்ல அண்ணாச்சி. சும்மா வாயாலதான் சொல்லுதேன். நம்புனா நம்புங்க."

"நல்லாருக்கே," என்றான் பாண்டியராஜன். "அப்ப சாமி எதுக்கு அவன் கையச் சுட்டுச்சுன்னு தெரியலியே!"

"நீ வாய மூடுவே," என்றாள் பொன்மணி. "பீடியப் பத்தி அன்னிக்கு எடுத்துக் குடுத்தது நீதான? அன்னிக்கே எனக்குத் தெரியும், ஓரம் வெள்ளையா இருந்துச்சு அண்ணாச்சி. நான்தான் வாயத் தொறக்கல."

செல்லப்பா பாட்டுப் புத்தகத்தை மேசை மேல் போட்டார். ஜெபக்கனி அதை எடுத்து, பழக்கத்தில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டு, உறைக்குள் வைத்தாள்.

"வெளிய போ," என்றார் அவர். "லிங்கேஷ் எங்க இருக்கான்?"

"டீக்கடைல."

அவர் செருப்புப் போடாமல் வாசல் வரை போனார். தெருமுனையைப் பார்த்து, "ஏலே லிங்கேஷு, இங்கன வா," என்று கத்தினார். அவன் உடனே வரவில்லை. கையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கிளாஸைக் கழுவி வைத்தான். அதுவரைக்கும் முதலாளி வெறுங்காலோடு வெயிலில் நின்றார்.

வழியில் எதிர்ப்பட்டபோது லிங்கேஷ் ஜெபக்கனியின் அருகே ஒரு நொடி நின்றான். "பூட்டும்போது அந்த ரூமை நானும் ஒருக்கா எட்டிப் பாத்துருக்கணும்," என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆறாம் தறியை மறுபடி லிங்கேஷ் ஓட்டினான். புதன்கிழமை செல்லப்பாவே அவன் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, தப்பு இவன் மேல் இல்லை என்று எழுதினார். மாதர் சங்கத்தில் செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டுமா என்று பேச்சு எழுந்தது. ஜெபக்கனி தானே நோட்டை ஒப்படைத்துவிட்டாள். டிசம்பர் முதல் ஞாயிறு திருவிருந்தில் அவள் கம்பிக்கு முன்னால் முழங்காலிட்டு, கையை விரித்து, அப்பத்தை வாங்கிக்கொண்டாள். வாசிப்புப் பட்டியலில் அவள் பெயர் இன்னும் சேர்க்கப்படவில்லை.

இப்போது தினமும் காலை ஆறு பத்துக்கு அவள் திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் ஏறுகிறாள். உளுந்துக் காட்டில் களையெடுப்பு, பொங்கல் வரை வேலை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.